பாட்டுக்கும் வேண்டும் ஒரு செம்பதிப்பு

1904-ஆம் ஆண்டு எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்யா விலாஸினி அச்சகத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூல் வெளிவந்தது. ஆசிரியர் சுப்பராம தீட்சிதர். கர்நாடக இசைப் பாடல்களைக் கமகக் குறிகளோடு இவ்வளவு விரிவாக எழுத்தில் இறக்கிய நூல் அதற்கு முன் வந்ததில்லை. தமிழ்நாட்டின் தென்பகுதியில் அச்சான அந்த நூல் தெலுங்கு எழுத்தில் இருந்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து, 1973இல், ஹைதராபாத்தில் இயங்கிவந்த ஆந்திரப் பிரதேச சங்கீத நாடக அகாதெமி அதைத் தெலுங்கிலேயே மீண்டும் அச்சிட்டது. அதற்கு முன்பே சென்னை மியூசிக் அகாடமி தமிழ் எழுத்தில் கொண்டுவரத் தொடங்கி, 1961 முதல் 1983 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டு முடித்தது. பிறகு ஆங்கிலத்திலும் வந்தது.

மறுபதிப்பு இருக்கிறது, எழுத்துப்பெயர்ப்பு இருக்கிறது, மொழிபெயர்ப்பு இருக்கிறது. சங்க நூல்களுக்கு நாம் எதைச் ‘செம்பதிப்பு’ என்று சொல்கிறோமோ, அந்த வகைப் பதிப்பு ஒன்று பாட்டுக்கு எப்படி இருக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கிடைக்கும் மூலங்களையெல்லாம் ஒப்புநோக்கி, எது ஆசிரியர் எழுதியது, எது அச்சுக்கோத்தவர் பிழை, எது பின்னால் வந்து ஒட்டியது என்று பிரித்துக் காட்டி, ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்லும் பதிப்பு அது. ஐரோப்பியச் செவ்வியல் இசையில் ஹைடன், மோட்சார்ட், பேட்டோவன், ஷூபர்ட் ஆகியோரின் பியானோ ட்ரையோக்களுக்கு இத்தகைய பதிப்புகள் உண்டு. அவற்றின் முறையை அருகிலிருந்து பார்த்தால், நம் இசை ஏடுகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகும். அந்த வேலையைத் தொடங்கப் பொருத்தமான ஊர் ஹைதராபாத் என்பது என் கருத்து.

மூன்று தனி ஏடுகள்

பியானோ, வயலின், செல்லோ ஆகிய மூன்றும் சேர்ந்து வாசிப்பதற்கான இசையே பியானோ ட்ரையோ. 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் லண்டனிலும் வியன்னாவிலும் வீட்டில் வாசிப்போருக்காக இவை நிறைய அச்சாகி விற்பனையாயின. பேட்டோவன் தம் முதல் வெளியீட்டு எண்ணைத் தந்தது மூன்று பியானோ ட்ரையோக்களுக்குத்தான். 1795இல் வியன்னாவின் அர்தாரியா நிறுவனம் அவற்றை முன்பதிவு முறையில் வெளியிட்டபோது 123 பேர் 241 படிகளுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள்.

அன்றைக்கு இந்த இசை வாசகர் கைக்கு வந்த வடிவத்தில்தான் பதிப்பாசிரியரின் முதல் சிக்கல் இருக்கிறது. மூன்று கருவிக்கும் மூன்று தனி ஏடுகள். மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்திக் காட்டும் முழுத்தாள் அன்று வழக்கத்தில் இல்லை. ஆசிரியரின் கையெழுத்துப்படியும் பல நேரங்களில் கிடைப்பதில்லை. ஹைடனின் ட்ரையோ ஒன்றில் பியானோவின் வலக்கையும் வயலினும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பியானோ ஏட்டில் நான்கு ஸ்வரத்தைச் சேர்த்து ஒரு வளைகோடு போட்டிருக்கிறது. வயலின் ஏட்டில் அதே இடத்தில் இரண்டிரண்டாக இரு வளைகோடுகள். இது ஆசிரியர் வேண்டுமென்றே செய்ததா, செப்புத்தகட்டில் செதுக்கியவரின் அவசரமா? ஒரு ஏட்டில் ‘மெதுவாக’ என்ற குறி இருக்கிறது, மற்றதில் இல்லை. இரண்டிலும் இருந்திருக்க வேண்டுமா?

19-ஆம் நூற்றாண்டுப் பதிப்புகள் பலவும் இத்தகைய இடங்களில் தமக்குச் சரியென்று பட்டதைப் போட்டுவிட்டு நகர்ந்தன. விரல்குறிகளையும் வேகக்குறிகளையும் தாராளமாகச் சேர்த்தன. எது ஹைடனுடையது, எது பதிப்பாசிரியருடையது என்று பிரித்தறிய வாசிப்பவருக்கு வழியில்லாமல் போயிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நிலை மாறியது. தொழிலதிபரும் பியானோ வாசிப்பதில் தேர்ந்தவருமான குந்தர் ஹென்லே 1948இல் தம் பெயரில் ஒரு பதிப்பகம் தொடங்கினார். ஆசிரியர் எழுதியதை எழுதியபடி தருவது, பதிப்பாசிரியர் சேர்ப்பதை அடைப்புக்குறிக்குள் தருவது, பாடபேதங்களைத் தனிக் குறிப்பில் சொல்வது ஆகிய மூன்றும் அதன் நெறி. காஸெல் நகரின் பேரன்ரைட்டர் பதிப்பகம் 1955 முதல் மோட்சார்ட்டின் முழுப் படைப்புகளை இதே நெறியில் கொண்டுவந்தது. அதே 1955இல் கொலோன் நகரில் ஹைடன் ஆய்வு நிறுவனம் தோன்றி, ஹைடனின் முழுப் படைப்புகளைப் பதிப்பிக்கும் பணியை எடுத்துக்கொண்டது.

இந்தப் பணி வெளிக்கொணர்ந்த உண்மைகள் சிறியவை அல்ல. ஹைடனின் பெயரில் 1785இல் லண்டனின் ஃபார்ஸ்டர் வெளியிட்ட மூன்று ட்ரையோக்களில் இரண்டு அவருடையவை அல்ல, அவர் மாணவர் இக்னாஸ் பிளையெலுடையவை என்று ஆலன் டைசன் என்ற ஆய்வாளர் 1961இல் ஆதாரங்களோடு எழுதினார். ஹைடன் படைப்புப் பட்டியலில் அவற்றுக்கு 3, 4 என்ற எண்கள் ஏற்கெனவே தரப்பட்டுவிட்டன. எண்ணை மாற்றவில்லை, ஆசிரியர் பெயரைத் திருத்திக்கொண்டார்கள். மோட்சார்ட்டின் 442-ஆம் எண் ட்ரையோவும் இப்படித்தான். அது அவர் முடிக்காமல் விட்ட மூன்று தனித்தனித் துண்டுகள். அவர் இறந்த பிறகு மாக்சிமிலியன் ஷ்டாட்லர் அவற்றை நிறைவு செய்தார். எந்தப் பாரில் மோட்சார்ட்டின் கை நின்றது, எங்கிருந்து ஷ்டாட்லரின் கை தொடர்கிறது என்பதை நல்ல பதிப்பு காட்டிவிடும்.

ஷூபர்ட்டின் ஈ-ஃபிளாட் ட்ரையோ இன்னொரு வகை. 1827 நவம்பரில் எழுதத் தொடங்கிய அந்தப் படைப்பின் கடைசிப் பகுதி மிக நீளம். அச்சுக்கு அனுப்பும்போது ஏறக்குறைய 100 பார்களை ஷூபர்ட்டே வெட்டினார். வெட்டியதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று பதிப்பாளர் ப்ரோப்ஸ்டுக்கு 1828 மே மாதம் கடிதமும் எழுதினார். அதே ஆண்டு நவம்பர் 19 அன்று இறந்துபோனார். கையெழுத்துப்படியில் நீண்ட வடிவம் இருக்கிறது. அச்சில் குறுகிய வடிவம். எது ஆசிரியரின் விருப்பம்? இன்றைய பதிப்புகள் இரண்டையும் தந்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லி, வாசிப்பவரிடம் தேர்வை விடுகின்றன. பிராம்ஸின் முதல் ட்ரையோவும் அப்படியே. 1854இல் வந்த வடிவத்தை 1889இல் அவரே பெரிதும் மாற்றி எழுதினார். இரண்டுமே அவருடையவை.

எட்டயபுரத்தில் நடந்தது

சுப்பராம தீட்சிதர் (1839–1906) முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன்; அவராலேயே சுவீகாரம் எடுக்கப்பட்டவர். பாலுசுவாமி எட்டயபுரத்தில் ஆஸ்தான வித்துவானாக இருந்தார். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் எட்டயபுரத்தில்தான். அந்தக் குடும்பத்தின் பாடல் சேமிப்பும் பழைய இலக்கண ஏடுகளும் வழிவழியாகச் சுப்பராம தீட்சிதரிடம் வந்து சேர்ந்திருந்தன.

அவற்றை அச்சுக்குக் கொண்டுவரத் தூண்டியவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். சென்னைத் தலைமைச் செயலகத்தில் பணியாற்றிய தமிழ்க் கிறிஸ்தவர். கர்நாடக இசைப் பாடல்களை ஐரோப்பிய ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி 1890களில் ஒரு நூல்வரிசையாகவே வெளியிட்டவர். ஐந்து கோட்டில் எழுதப்பட்ட இசையை உலகில் எவரும் படிக்கலாம் என்பது அவர் நம்பிக்கை. தியாகராஜரின் சீடர் மரபில் வந்தவர்களைப் பாடவைத்து எழுதினார். தம் பொருளையும் உடல்நலத்தையும் இதற்காகச் செலவிட்டார். 1899இல் எட்டயபுரம் ஜமீந்தாரின் பட்டாபிஷேகத்தை ஒட்டி அங்கே சென்றவர், சுப்பராம தீட்சிதரிடம் இருப்பதெல்லாம் வெளிவர வேண்டும் என்று ஜமீந்தாரிடம் கேட்டுக்கொண்டார். ஜமீந்தார் இசைந்தார். 1901இல் அச்சு வேலை தொடங்கியது. அப்போது தீட்சிதருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. 1904இல் நூல் முடிந்தது. அதைப் பார்க்க முதலியார் உயிரோடு இல்லை.

ஒரு சிறு ஜமீன் அச்சகம் இதைச் செய்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தெலுங்கு எழுத்தில் ஸ்வரம், அதன் கீழ் சாஹித்யம், அதன் மேல் கமகக் குறிகள், காலத்தைக் காட்டும் கோடுகள், ஸ்தாயியைக் காட்டும் புள்ளிகள். ஒரே வரியில் நான்கைந்து அடுக்கு. அலைக்கோடு போட்டால் கம்பிதம். முக்கோணமாக மூன்று புள்ளி வைத்தால் ஸ்புரிதம். அதே முக்கோணத்தைத் தலைகீழாக்கினால் பிரத்யாகதம். மேல்நோக்கிச் சாய்ந்த கோடு ஏற்ற ஜாரு, கீழ்நோக்கிச் சாய்ந்தது இறக்க ஜாரு. பெருக்கல் குறி போல் ஒன்று ஒதுக்கல்: வீணையில் ஒரு மெட்டில் விரலை வைத்துக்கொண்டே தந்தியை இழுத்து மேல் ஸ்வரத்தை எழுப்புவது. நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒரிக்கை என்று இன்னும் உண்டு. இவையெல்லாம் வீணைக்காரரின் விரலசைவிலிருந்து பிறந்தவை. அந்தக் காலத்தில் சென்னையில் தச்சூர் சிங்காராசாரியார் சகோதரர்களின் தெலுங்குப் பாடநூல்கள் பரவலாகப் புழங்கின. மாணவர்களுக்குப் பேருதவியாக இருந்தன. ஸ்வரத்தை எழுதுவதோடு அவை நின்றன. ஸ்வரத்தை எப்படி அசைப்பது என்பதை எழுத முனைந்தது பிரதர்சினிதான்.

பதிப்பாசிரியராகச் சுப்பராம தீட்சிதர்

நூலின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. 72 மேளங்களின் வரிசையில் அத்தியாயங்கள் செல்கின்றன. ஒவ்வொரு ராகத்துக்கும் முதலில் இலக்கண சுலோகம், பிறகு தெலுங்கில் விளக்கம், பிறகு கீதம், தானம், கீர்த்தனை, கடைசியில் சஞ்சாரி. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் 229 இதில் அடங்கியுள்ளன. சஞ்சாரிகள் சுப்பராம தீட்சிதரே இயற்றியவை. அவற்றைத் தம்முடையவை என்று பெயரிட்டே தருகிறார். முன்னோர் சொத்தையும் தம் கைப்பொருளையும் கலக்காமல் வைத்த இந்த நேர்மை, ஒரு பதிப்பாசிரியரிடம் நாம் முதலில் எதிர்பார்ப்பது.

ஆனாலும் அவர் தம் காலத்துக் கல்வியின் எல்லைக்குள் நின்றவர். ராக இலக்கண சுலோகங்களை அவர் வேங்கடமகியுடையவை என்று தருகிறார். வேங்கடமகி 17-ஆம் நூற்றாண்டில் ‘சதுர்தண்டி பிரகாசிகை’ எழுதியவர். அந்த நூலோடு ஒப்பிட்டால் இந்தச் சுலோகங்கள் அதில் இல்லை. இவை பிற்காலத்தவரான முத்து வேங்கடமகியுடையவை என்பது இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. நூலை அப்படியே மறு அச்சிடும்போது இந்தத் திருத்தம் வாசகருக்குத் தெரிவதில்லை. இந்தக் கால இடைவெளி ராக வரலாற்றில் பெரிய இடைவெளி. ஒரு ராகம் எப்போது உருமாறியது, எந்த ஸ்வரம் எப்போது நுழைந்தது என்று கேட்பவருக்கு இந்த ஒரு பெயர்மாற்றம் விடையையே மாற்றிவிடும்.

ஏழா, ஒன்பதா?

ஹைடனின் 3, 4-ஆம் எண் ட்ரையோக்களைப் போன்ற கேள்வி முத்துசுவாமி தீட்சிதரிடத்தும் உண்டு. இன்று ‘நவக்கிரகக் கிருதிகள்’ என்று ஒன்பது பாடல்கள் பாடப்படுகின்றன. பிரதர்சினியில் இருப்பவை சூரியன் முதல் சனி வரை ஏழுக்கானவை மட்டும்: வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு பாடல். ராகு, கேதுவுக்கான இரண்டும் பிற்கால வெளியீடுகளில் வந்து சேர்ந்தவை.

ஏழு பாடல்களின் தாளங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு கட்டமைப்பு கண்ணில் படும். சூரியன் துருவ தாளம், சந்திரன் மட்யம், செவ்வாய் ரூபகம், புதன் ஜம்பை, குரு திரிபுடை, சுக்கிரன் அட தாளம், சனி ஏக தாளம். சூளாதி சப்த தாளங்கள் ஏழும் அதே வரிசையில், ஒன்றும் மீதமில்லாமல், ஒன்றும் திரும்ப வராமல் அமைந்திருக்கின்றன. ராகு, கேது இரண்டுக்கும் தாளம் ரூபகம். செவ்வாய்க்கு வந்த அதே தாளம். ஏழில் நிறைவு பெற்ற திட்டத்துக்கு வெளியே இவை இரண்டும் நிற்கின்றன.

இதை வைத்துக்கொண்டு இரண்டும் தீட்சிதருடையவை அல்ல என்று அடித்துச் சொல்லிவிட முடியுமா? முடியாது. பிரதர்சினியில் இல்லாத எல்லாவற்றையும் ஒதுக்குவது முறையும் ஆகாது. சுப்பராம தீட்சிதருக்கு வந்த வழி ஒன்று. வேறு வழிகளும் இருந்தன. சாத்தனூர் பஞ்சநதையரிடம் ஒரு மரபு இருந்தது. திருப்பாம்புரம் நடராஜசுந்தரம் பிள்ளை 1936இல் ‘தீட்சித கீர்த்தனப் பிரகாசிகை’ என்று வெளியிட்ட நூல் அந்த மரபின் வழியே வந்தது. வீணை தனம்மாளும் பஞ்சநதையரிடம் கற்றவர். பின்னர் வீணை சுந்தரமையர் பதிப்புகள் வந்தன. அவற்றோடு தீட்சிதர் பெயரில் உள்ள பாடல்களின் எண்ணிக்கை 400ஐத் தாண்டியது. த்விஜாவந்தி ராகத்தில் எல்லாரும் அறிந்த ‘அகிலாண்டேஸ்வரி’ கூடப் பிரதர்சினியில் இல்லை. ஒவ்வொரு பாடலும் முதன்முதலில் எந்த ஏட்டில், எந்த ஆண்டில், யார் வழியாக வந்தது என்று ஒரு பட்டியல் முதலில் வேண்டும். அந்தப் பட்டியலின் அடிப்படையில் ‘உறுதியானவை’, ‘வேறு மரபு வழி வந்தவை’, ‘ஐயத்துக்குரியவை’ என்று மூன்று பகுதி வகுக்கலாம். ஐயத்துக்குரிய பாடலை யாரும் பாடக் கூடாது என்பதில்லை. பாடுகிறவருக்கு அதன் பிறப்புச் சான்று தெரிந்திருக்க வேண்டும்.

பாடாந்தரம் பாழாகுமா?

செம்பதிப்பு என்றதும் இசைக்கலைஞர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி இது: நம் இசை வாய்வழி வந்தது, ஒவ்வொரு குருவிடமும் ஒவ்வொரு பாடாந்தரம், அச்சடித்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இதுதான் சரி என்றால் மற்றவை செத்துப்போகாதா? கேள்வி நியாயமானது. பதிப்பு என்பதே ஒன்றை வைத்து மற்றதை அழிப்பது என்றால் நானும் அதை எதிர்ப்பேன்.

நல்ல பதிப்பு செய்வது அதற்கு நேர்மாறு. ஷூபர்ட்டின் இரண்டு முடிவுகளும் இன்று உயிரோடு இருப்பது பதிப்பாசிரியர் இரண்டையும் காப்பாற்றியதால்தான். நம்மிடம் ‘வாதாபி கணபதிம்’ இருக்கிறது. மேடைகளில் இன்று கேட்கும் சங்கதிகளில் பலவற்றைச் சேர்த்தவர் மகா வைத்தியநாதையர் என்று சொல்வது வழக்கம். பிரதர்சினி தரும் வடிவம் இவ்வளவு சங்கதிகள் இல்லாத எளிய நடை. இரண்டும் நமக்கு வேண்டும். முதலாவது தீட்சிதர் குடும்பத்தின் சாட்சி. இரண்டாவது ஒரு பெரும் பாடகரின் கற்பனை. இரண்டையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக அச்சிட்டால், ஒன்றால் மற்றது குறைவதில்லை. அடுத்த தலைமுறைப் பாடகர் தம் சங்கதியை எந்த அடித்தளத்தின்மேல் கட்டுகிறோம் என்று அறிந்து கட்டுவார்.

தியாகராஜர் விஷயத்தில் இது இன்னும் அவசரம். அவர் பாடல்கள் வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்ற மூன்று சீடர் மரபுகளில் வந்தன. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் வழி ஏடுகள் மதுரை சௌராஷ்டிர சபையில் காக்கப்பட்டன. தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரின் தொகுப்பு 1908இல் அச்சேறியது. மூன்றையும் எதிரெதிரே வைத்து ஒரு பாட்டின் மெட்டை வரிவரியாக ஒப்பிடும் முழுமையான பதிப்பு வந்தால், பாடாந்தரம் என்று நாம் பொதுவாகச் சொல்வது எங்கே மரபின் கிளை, எங்கே மறதி, எங்கே அச்சுப்பிழை என்பது புலப்படும்.

அச்சுப்பிழை என்பதைச் சிறிதாக எண்ணக் கூடாது. சொல்லில் ஒரு எழுத்து தவறினால் படிப்பவர் பொருள் தடுக்கித் திருத்திக்கொள்வார். தோடியின் காந்தாரத்தின் மேல் இருக்க வேண்டிய அலைக்கோடு அச்சில் அரை விரற்கடை நகர்ந்து அடுத்த மத்யமத்தின் மேல் விழுந்தால், பாட்டைக் கேட்டறியாத மாணவருக்கு அது பிழை என்றே தெரியாது. தெலுங்கிலிருந்து தமிழுக்கு எழுத்து மாறும்போது எழுத்தின் அகலம் மாறும். வரி மடங்கும் இடம் மாறும். மேலே இருக்கும் குறியும் கீழே இருக்கும் சாஹித்யமும் தங்கள் ஸ்வரத்தை விட்டு விலக வாய்ப்பு பெருகும். பி. ராஜம் ஐயரும் எஸ். ராமநாதனும் தமிழ்ப் பதிப்பில் இந்த வேலையைப் பல ஆண்டு சுமந்தார்கள். அவர்கள் உழைப்பால்தான் தெலுங்கு படிக்கத் தெரியாத இரண்டு தலைமுறைத் தமிழ் மாணவர்களுக்குப் பிரதர்சினி கைக்கு வந்தது. அந்த உழைப்பின் அடுத்த கட்டம் 1904 அச்சோடு குறிக்குக் குறி ஒப்பிடுவது.

பதிப்புக் கலையை அறிந்த நமக்கு

தமிழர்களுக்கு இது அந்நியக் கலை அல்ல. 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று உ.வே. சாமிநாதையர் கொண்டுவந்த பதிப்புகள் இதே நெறியில் அமைந்தவை: பல ஏடுகளைத் தேடுவது, ஒப்பிடுவது, பாடபேதத்தை அடியில் காட்டுவது. அவர் இசைக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்கத் தொடங்கினார். இசைப் பயிற்சி தமிழ்ப் படிப்பைத் தடுக்கும் என்று ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கருதியதால் நிறுத்திவிட்டார். பிற்காலத்தில் கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் போன்றோரின் வரலாறுகளை எழுதி இசைக்குத் தம் கடனைச் செலுத்தினார். இலக்கிய ஏட்டுக்குக் கிடைத்த பதிப்புக் கல்வி இசை ஏட்டுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை. தமிழ் படித்தவருக்கு ஸ்வரம் தெரியாது. ஸ்வரம் தெரிந்தவருக்குப் பதிப்பு நெறி கற்பிக்கப்படவில்லை. இந்தப் பிரிவுதான் இன்றுவரை நம்மைப் பின்தங்க வைத்திருக்கிறது.

ஹைதராபாத்தில் இதற்கு இணையான ஒரு மரபு அரபு மொழியில் வளர்ந்தது. 1888இல் சையத் ஹுசைன் பில்கிராமி முதலானோர் முயற்சியில் தோன்றிய தாயிரத்துல் மஆரிஃப் என்ற நிறுவனம், அரிய அரபு ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பதையே தொழிலாகக் கொண்டது. இன்று உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அல்பிரூனியின் வானியல் பெருநூலான ‘அல்கானூன் அல்மசூதி’ 1954 முதல் 1956 வரை மூன்று தொகுதிகளாகவும், அவர் இந்தியாவைப் பற்றி எழுதிய நூல் 1958இலும் அங்கிருந்து வெளிவந்தன. எண்களும் அட்டவணைகளும் நிறைந்த வானியல் ஏட்டைப் பதிப்பிக்கத் தேவைப்படும் பொறுமை, ஸ்வரமும் குறியும் நிறைந்த இசை ஏட்டைப் பதிப்பிக்கவும் தேவை. ஓர் எண் பிசகினால் கணக்கு பிசகுவது போல, ஒரு குறி பிசகினால் ராகம் பிசகும்.

அதே நகரத்தில் அரசுக் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது. பிரதர்சினியை மறு அச்சிட்ட சங்கீத நாடக அகாதெமி பின்னர் 1985இல் நிறுவப்பட்ட தெலுங்குப் பல்கலைக்கழகத்தில் இணைந்தது. பிரதர்சினியின் மூல எழுத்தைத் தாய்மொழி எழுத்தாகப் படிக்கும் இசை மாணவர்கள் அங்கே ஏராளம். தியாகராஜரின் சொல்லை மொழியறிவோடு ஆராயக்கூடியவர்களும் அங்கேதான் மிகுதி. பாடும் மரபும் வீணை மரபும் தமிழ்நாட்டில் ஆழமாக உள்ளன. ஹைதராபாத்தின் சுவடிக் கல்வியும் தஞ்சை, சென்னை வித்துவான்களின் காதும் ஒரே மேசையில் அமர வேண்டும். தெலுங்கு எழுத்தில் தமிழ்நாட்டில் பிறந்து, ஹைதராபாத்தில் மறு அச்சு கண்டு, சென்னையில் தமிழ் எழுத்துக்கு வந்த இந்த நூல் அந்தக் கூட்டு உழைப்பை வேண்டி நிற்கிறது.

முதல் தொகுதி

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முற்பட்டால் எதுவும் முடியாது. முதல் தொகுதிக்கு அந்த ஏழு வாரப் பாடல்களையே எடுத்துக்கொள்ளலாம். அடிப்படை மூலம் 1904 அச்சு. ஒப்பிட வேண்டியவை 1973 ஹைதராபாத் பதிப்பும் மியூசிக் அகாடமியின் தமிழ்ப் பதிப்பும். சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடம் கற்ற டி.எல். வேங்கடராம ஐயரின் வழியும், டி.கே. பட்டம்மாளின் வழியும் ஒலிப்பதிவாக இருக்கின்றன, அவையும் மூலங்களே. ஐரோப்பிய ட்ரையோப் பதிப்பாசிரியருக்கு ஹைடன் காலத்து ஒலிப்பதிவு கிடையாது. நமக்கு, மூலநூல் ஆசிரியரின் மகனிடம் கற்றவர்களின் குரலே கிடைத்திருக்கிறது. இந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் விடுவது பெருங்குறை.

ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று அடுக்கு போதும். மேலே 1904 பாடம், குறிக்குக் குறி மாறாமல். அதன் கீழே ஒலிப்பதிவில் கேட்கும் பாடாந்தரம், யாருடையது என்ற பெயரோடு. அடியில் குறிப்பு: இந்த இடத்தில் அச்சுப்பிழை என்று கருதுகிறோம், காரணம் இது, இங்கே தாளக்கணக்கு உதைக்கிறது, திருத்தம் அடைப்புக்குறிக்குள். ராகு, கேதுப் பாடல்கள் பிற்சேர்க்கையில், அவை முதலில் அச்சான நூலின் விவரத்தோடும் தாள வரிசை பற்றிய குறிப்போடும் வரட்டும். தெலுங்கு, தமிழ், நாகரி எழுத்துகளில் ஒரே நேரத்தில் வெளிவர வேண்டும்; கணினி அச்சில் குறியை ஸ்வரத்தோடு பிணைத்துவிட்டால் எழுத்து மாறினாலும் குறி நகராது. சின்னசாமி முதலியார் விரும்பியபடி ஸ்டாஃப் நொட்டேஷனிலும் ஒரு வடிவம் தரலாம்.

இந்த ஒரு தொகுதி ஒழுங்காக வந்தால் நெறி வகுக்கப்பட்டுவிடும். எஞ்சிய தீட்சிதர் கிருதிகளையும் தியாகராஜரின் மூன்று மரபுகளையும் அதே நெறியில் தொடர ஆட்களைப் பயிற்றுவிக்கலாம். இசைக் கல்லூரிகளின் முதுகலைப் பாடத்தில் பதிப்பியலை ஒரு தாளாக வைத்தால், ஒவ்வோர் ஆண்டும் சில மாணவர்கள் ஆளுக்கொரு கிருதியை எடுத்து மூலங்களை ஒப்பிட்டு முடிப்பார்கள். அதற்குத் தேவையான ஏடுகள், அச்சுகள், ஒலிப்பதிவுகள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. தெலுங்குப் பல்கலைக்கழகமும் மியூசிக் அகாடமியும் கூடி ஒரு பதிப்புக்குழு அமைத்தால் வேலை தொடங்கிவிடலாம். அறுபது வயதுக்கு மேல் சுப்பராம தீட்சிதர் தனியொருவராகத் தொடங்கி வைத்த பணி அது.